வீட்டில் ஒருவருக்கு பாசிட்டிவ், உங்களுக்கு நெகட்டிவ்: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கேள்வி இதுதான்: அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பருக்கு கோவிட் பாசிட்டிவ் வந்துவிட்டது, அன்றைக்கே நானும் டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். ஒருவர் 14 நாள் வெளியே வரக்கூடாது என்கிறார், அலுவலகத்தில் 5 நாள் போதும் என்கிறார்கள், இன்னொருவர் இப்போதெல்லாம் அப்படி ஒரு விதியே இல்லை, போய் வேலையைப் பார் என்கிறார். யார் சொல்வது சரி?

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. 14 என்பது 2020-இல் உலகம் முழுக்க இருந்த கணக்கு. 5 என்பது 2021 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி கொண்டுவந்தது. ஒன்றும் வேண்டாம் என்பது 2022-இலிருந்து பல நாடுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த இடம். ஆளுக்கு ஒரு வருடத்து விதியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். நான் சில காலம் தொற்றுத் தொடர்புகளைத் தேடிப் பிடித்துப் பேசும் வேலையில் இருந்தவன் என்பதால் இந்தக் குழப்பம் எனக்குப் பழக்கம். எத்தனை நாள் என்று கேட்காதவர்களே இல்லை. எந்த நாளிலிருந்து என்று கேட்டவர்கள்தான் குறைவு. உண்மையில் பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நண்பரோடு கடைசியாக நெருக்கமாக இருந்த நாளை பூஜ்ஜியம் என்று வையுங்கள். அடுத்து வரும் முழு 5 நாட்கள் முடிந்தவரை ஆட்களை விட்டுத் தள்ளி இருங்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், சிகிச்சையில் இருப்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். 6-ஆம் நாள் ஒரு டெஸ்ட், நெகட்டிவ் என்றால் இரண்டு நாள் கழித்து இன்னொன்று, அதுவும் நெகட்டிவ் என்றால் மறுபடி இரண்டு நாள் கழித்து மூன்றாவது. 10-ஆம் நாள் வரை உள்ளரங்கில் நாலு பேர் இருக்கும் இடத்தில் நல்ல முகக்கவசம். நடுவில் தொண்டை கரகரத்தாலோ உடம்பு சுட்டாலோ இந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது, நீங்கள் இனி தொடர்பில் இருந்தவர் இல்லை, நோயாளி. இதில் சட்டக் கட்டாயம் இன்று பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆனால் மருத்துவமனை, முதியோர் இல்லம் மாதிரி இடங்களில் வேலை செய்பவர்களுக்குத் தனி விதி இருக்கக்கூடும், அங்கே மேலதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஏன் என்று பார்க்கலாம், ஏன் என்று தெரிந்தால் விதி மறுபடி மாறினாலும் தடுமாற மாட்டீர்கள்.

நோயாளி தனித்து இருப்பதும், அவரோடு தொடர்பில் இருந்தவர் தனித்து இருப்பதும் ஒன்றல்ல. நோயாளியின் நாட்கள் எதை அளக்கின்றன? அவர் இன்னும் எத்தனை நாள் பரப்புவார் என்பதை. அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து அது ஓடும், அறிகுறியே இல்லையென்றால் மாதிரி கொடுத்த நாளிலிருந்து. உங்கள் நாட்கள் அளப்பது வேறு விஷயம்: கிருமி உள்ளே போயிருந்தால் அது தலைகாட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாமே அநியாயமாகத் தெரியும். 2020 மார்ச்சில் பிரிட்டனில் நோயாளிக்கு 7 நாள், அதே வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு 14 நாள் என்று விதி போட்டார்கள். காய்ச்சல் வந்தவன் எட்டாம் நாள் தெருவில் நடக்கிறான், ஒன்றுமே இல்லாத நான் உள்ளே கிடக்கிறேன் என்று கோபப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் அதில் தர்க்கம் இருந்தது. அவருக்கு நோய் எப்போது ஆரம்பித்தது என்று தெரியும், உங்களுக்கு ஆரம்பித்ததா என்றே தெரியாது.

அந்த 14 எங்கிருந்து வந்தது என்றால், நோய் அரும்பும் காலத்திலிருந்து. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, சீனாவின் ஹூபெய் மாகாணத்துக்கு வெளியே கண்டறியப்பட்ட 181 பேரின் விவரத்தை வைத்துக் கணக்கிட்டது. கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி தெரிய நடுத்தரமாக 5.1 நாள் ஆகிறது, அறிகுறி வரப்போகிறவர்களில் 97.5 சதவீதம் பேருக்கு 11.5 நாளுக்குள் வந்துவிடுகிறது. பதினொன்றரையோடு கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளி சேர்த்தால் 14. அப்போதும் நூற்றில் ஒருவருக்கு அதற்குப் பிறகு வரலாம் என்று அந்த ஆய்வே சொன்னது. ஆக, 14 நாள் இருந்தால் பூஜ்ஜிய ஆபத்து என்று யாரும் வாக்குறுதி தரவில்லை.

அப்புறம் ஏன் குறைத்தார்கள்? இரண்டு காரணம். ஒன்று மனிதர்கள். 14 நாள் உள்ளே உட்கார வேண்டும் என்றால் பலர் டெஸ்ட் எடுக்கவே தயங்கினார்கள், பாசிட்டிவ் வந்தவர்கள் நண்பர்களின் பெயரைச் சொல்லத் தயங்கினார்கள், ஏனென்றால் பெயர் சொன்னால் அவருக்கு இரண்டு வாரச் சம்பளம் போகும். தொலைபேசியில் நான் யாரையும் பார்க்கவில்லை சார் என்று ஒருவர் சொல்லும்போது பின்னால் நாலு பேர் பேசும் சத்தம் கேட்கும். எல்லாரும் மீறும் 14 நாளைவிடப் பெரும்பாலோர் பின்பற்றும் 7 நாள் மேல் என்பது நியாயமான கணக்குதான். அதனால்தான் 2020 டிசம்பரில் சிடிசி, டெஸ்ட் இல்லாமல் 10 நாள் அல்லது 5-ஆம் நாளுக்குப் பின் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்றால் 7 நாள் முடிந்ததும் வெளியே வரலாம் என்று இரண்டு குறுக்குவழிகளைத் திறந்தது. அதே மாதம் பிரிட்டனும் 14-ஐ 10 ஆக்கியது. இரண்டாவது காரணம் கிருமியே மாறியது. ஓமிக்ரான் என்ற வகையில் நோய் அரும்பும் காலம் சுமார் 3 நாளாகச் சுருங்கிவிட்டது. வரப்போகிறவர்களுக்கு சீக்கிரமே வந்துவிடும் என்னும்போது காத்திருக்கும் நாளும் குறையத்தானே வேண்டும். 2022 ஆகஸ்ட் 11 அன்று சிடிசி, தொடர்பில் இருந்தவர்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கத் தேவையில்லை, 10 நாள் முகக்கவசமும் முழு 5 நாள் கழித்து ஒரு டெஸ்டும் போதும் என்று சொல்லிவிட்டது. நான் மேலே சொன்ன பதில் அதைவிடக் கொஞ்சம் கண்டிப்பானது. முடிகிறவர்கள் 5 நாள் ஒதுங்கி இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை, முடியாதவர்கள் முகக்கவசத்தோடு போகட்டும் என்பது என் எண்ணம்.

சரி, நெருங்கிய தொடர்பு என்றால் யார்? உலக சுகாதார நிறுவனம் சொன்னது: 1 மீட்டருக்குள் முகத்துக்கு முகம் 15 நிமிடத்துக்கு மேல் இருந்தவர், நேரடியாகத் தொட்டவர், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் நோயாளியைக் கவனித்துக்கொண்டவர். சிடிசி 6 அடி, 15 நிமிடம் என்றது. இந்த 15 நிமிடத்தைப் பலர் ஒரே மூச்சில் 15 நிமிடம் என்று எடுத்துக்கொண்டு, 14-ஆவது நிமிடத்தில் எழுந்து போனால் தப்பித்தோம் என்று நினைத்தார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிறை ஊழியர், தொற்று இருந்த ஆறு பேரை ஒரே பணிநேரத்தில் 22 தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் போலத்தான் சந்தித்தார். மொத்தம் சுமார் 17 நிமிடம். அவருக்குத் தொற்று வந்தது. அதற்குப் பிறகுதான், 2020 அக்டோபரில், 24 மணி நேரத்துக்குள் மொத்தமாக 15 நிமிடம் என்று விளக்கத்தையே மாற்றினார்கள்.

தூரமும் அப்படித்தான். 2020 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் மாவட்டத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், அதில் ஒருவருக்கு ஏற்கெனவே அறிகுறி இருந்தது. கடைசியில் 53 பேருக்கு நோய், இருவர் இறந்தார்கள். அத்தனை பேரும் அவரிடமிருந்து 6 அடிக்குள்ளா உட்கார்ந்திருப்பார்கள்? மூடிய அறை, நீண்ட நேரம், உரக்கப் பாடும் குரல் மூன்றும் சேர்ந்தால் அடிக்கணக்கு அர்த்தமிழந்துவிடுகிறது. அதனால் அளவுநாடாவை எடுக்காதீர்கள். மூடிய அறையில் அவர் விட்ட மூச்சுக் காற்றை நீங்கள் எவ்வளவு நேரம் சுவாசித்தீர்கள் என்று கேளுங்கள். திறந்த வெளியில் இரண்டு நிமிடம் நின்று பேசியவரும், ஜன்னல் மூடிய காரில் ஒரு மணி நேரம் கூட வந்தவரும் ஒன்றல்ல. ஒரே அறையில் தூங்குகிறீர்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், நீங்கள் நெருங்கிய தொடர்புதான்.

எப்போதிலிருந்து என்பதும் இங்கே உண்டு. அறிகுறி தெரிவதற்கு 2 நாள் முன்பிருந்தே அவர் பரப்பக்கூடியவர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அறிகுறி இல்லாதவர் என்றால் மாதிரி எடுத்த நாளுக்கு 2 நாள் முன்பு. 2003-இல் பரவிய சார்ஸ் நோய் இப்படி இல்லை, அதில் நோயாளி நன்றாகப் படுத்த பிறகுதான் அதிகம் பரப்பினார், காய்ச்சல் வந்தவரைப் பிடித்துத் தனியே வைத்தாலே பெருமளவு அடங்கியது. கோவிடில் ஒருவர் அறிகுறிக்குச் சற்று முன்னும் அறிகுறி தொடங்கும்போதும்தான் மிக அதிகமாகப் பரப்புகிறார். 2020-இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி பரவலில் 44 சதவீதம் அறிகுறிக்கு முன்பே நடந்துவிடுகிறது. நெருங்கிய தொடர்புக்கு என்று தனி விதியே தேவைப்பட்டதன் காரணம் இந்த ஒரு குணம்தான்.

தொடர்பின் தொடர்பு? உங்கள் நண்பருக்கு பாசிட்டிவ், நீங்கள் தொடர்பு, உங்களை இன்று பார்த்த உங்கள் தங்கை? அவருக்கு எந்த விதியும் இல்லை, எந்தக் காலத்திலும் பொதுவாக இருந்ததில்லை. உங்களுக்கு பாசிட்டிவ் வந்தால்தான் அவர் கணக்குக்குள் வருவார்.

எண்ணும் முறைக்கு வருகிறேன். திங்கட்கிழமை இரவு வரை இருவரும் ஒன்றாக இருந்தீர்கள், அன்றிரவே அவர் வேறு அறைக்குப் போய்விட்டார், அதற்குப் பிறகு நெருக்கமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். திங்கள் பூஜ்ஜியம். செவ்வாய் 1. சனிக்கிழமையோடு முழு 5 நாள் முடிகிறது. ஞாயிறு டெஸ்ட், செவ்வாய் மறுபடி டெஸ்ட், அடுத்த வாரம் வியாழன் மூன்றாவது டெஸ்ட், அன்றுவரை முகக்கவசம். அவருக்கு எப்போது ரிசல்ட் வந்தது, உங்களுக்கு எப்போது செய்தி தெரிந்தது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது என்றாலும் திங்கள்தான் பூஜ்ஜியம், நாலு நாள் ஏற்கெனவே ஓடிவிட்டது.

இது சுலபமான பகுதி. தனி அறை இல்லாத வீட்டில் என்ன செய்வது என்பதுதான் எல்லாரும் தடுமாறும் இடம், விதி எழுதியவர்கள் உட்பட. பிரிந்து இருக்கவே முடியாது என்றால் கடைசித் தொடர்பு நாள் தினமும் நகர்ந்துகொண்டே போகும். சிடிசியின் பழைய விதிப்படி, நோயாளியின் தனிமை முடிந்த பிறகுதான் உங்கள் கணக்கு ஆரம்பிக்கும். அவருடைய 10, அதற்குப் பின் உங்கள் 14, மொத்தம் 24 நாள். நடுவில் வீட்டில் மூன்றாமவர் ஒருவர் படுத்தால் அங்கிருந்து இன்னொரு சுற்று. பிரிட்டன் வேறு வழியில் போனது: வீட்டில் முதல் ஆளுக்கு அறிகுறி வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் ஒரே கணக்கு, நடுவில் யாருக்காவது வந்தால் அவர் மட்டும் தன் நாட்களைப் புதிதாக எண்ணுவார், மற்றவர்களுக்கு நீளாது. எனக்கு இரண்டாவதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. நோயாளி மிக அதிகமாகப் பரப்பும் நாட்கள் ஆரம்ப நாட்கள், ஒரே அறையில் இருந்தவருக்கு வருவதானால் பெரும்பாலும் அப்போதே வந்திருக்கும். அதனால் பிரிய முடியாதவர்களுக்கு நான் சொல்வது: அவருக்கு அறிகுறி வந்த நாளிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு டெஸ்ட், வெளியே போக வேண்டியிருந்தால் முகக்கவசத்தோடு, அவர் தேறிய பிறகு 5 நாள் கழித்து கடைசியாக ஒரு டெஸ்ட். அதுவரை பலவீனமானவர்களைச் சந்திக்க வேண்டாம்.

ஒரே வீட்டில் இருந்தால் எப்படியும் வந்துவிடும், எதற்கு இந்த நாடகம் என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறு. வீட்டுக்குள் பரவுவதைப் பற்றிப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆரம்பகால வகைகளில் வீட்டில் இருந்த மற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே தொற்று வந்திருந்தது. ஓமிக்ரானில் அது சுமார் 43 சதவீதம். அதாவது மிக வேகமாகப் பரவிய வகையிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தப்பித்திருக்கிறார்கள். இன்றிரவே அறை மாறுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

அறை மாறினால் மட்டும் போதாது, காற்றைக் கவனியுங்கள். அவர் அறையின் கதவு மூடி இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஜன்னல் பக்கம் ஒரு மின்விசிறியை வெளியே பார்த்தபடி வைத்தால் அந்த அறைக் காற்று வீட்டுக்குள் வராமல் வெளியே போகும், செலவில்லாத நல்ல ஏற்பாடு. குளியலறை ஒன்றுதான் என்றால் அவர் கடைசியில் போகட்டும், வந்த பிறகு எக்ஸாஸ்ட் ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுத்தவர் கொஞ்ச நேரம் விட்டுப் போகலாம். கவனித்துக்கொள்ள ஒரே ஒருவர் போதும், அறைக்குள் போகும்போது இருவருக்கும் முகக்கவசம், துணி மாஸ்க் இல்லை, முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 மாதிரியானது. மேஜை, கைப்பிடி, பாத்திரம் என்று நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒரு பரப்பைத் தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு தொடுகை ஒன்றுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழ் என்று சிடிசி 2021-இல் சொன்னது. சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், மிச்ச சக்தியை ஜன்னலுக்குச் செலவிடுங்கள்.

இப்போது உங்கள் நெகட்டிவ். அன்றைக்கே எடுத்த டெஸ்டுக்குக் கிட்டத்தட்ட மதிப்பே இல்லை. விதை போட்ட மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்த்து முளைக்காது என்று முடிவு கட்டுகிற மாதிரிதான் அது. ஆய்வகத்தில் செய்யும் பிசிஆர் டெஸ்ட் எவ்வளவு தவறவிடுகிறது என்று 2020-இல் ஒரு குழு கணக்கிட்டது. தொற்றிய முதல் நாள் எடுத்தால் எல்லாமே நெகட்டிவ்தான் வரும், 4-ஆம் நாள் மூன்றில் இரண்டு தவறும், அறிகுறி தொடங்கும் 5-ஆம் நாள் வாக்கில் 38 சதவீதம் தவறும், 8-ஆம் நாள்தான் மிகக் குறைவாக, 20 சதவீதம். இது பழைய வகைக் கிருமியின் கணக்கு, இப்போது எல்லாமே ஓரிரு நாள் முன்னால் நகர்ந்திருக்கும், ஆனால் பாடம் அதேதான். உங்கள் நெகட்டிவ் அந்த நாளுக்கான செய்தி. அதைக் காட்டி 3-ஆம் நாள் ஒரு விருந்துக்குப் போகக்கூடாது.

பிரிட்டனில் 36 இளம் தன்னார்வலர்களுக்கு மூக்கில் வேண்டுமென்றே கிருமியை விட்டு நாள்தோறும் சோதித்த ஓர் ஆய்வு நடந்தது, 2022-இல் வெளியானது. அதில் தொற்று பற்றியது 18 பேருக்கு. கிருமி முதலில் தொண்டையில் தெரிந்தது, அப்புறம் மூக்கில், சுமார் 5-ஆம் நாள் உச்சத்துக்குப் போனது, மூக்கில் தொண்டையைவிட அதிகம். ஆரம்ப நாட்களில் மூக்கில் மட்டும் எடுத்த கிட் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. வீட்டு ஆன்டிஜென் கிட் பற்றி அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2022-இல் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அறிகுறி இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் குறைந்தது இரண்டு தடவை, அறிகுறி இல்லாத தொடர்பு என்றால் அதே இடைவெளியில் மூன்று தடவை. மூன்றாவதும் நெகட்டிவ் என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம்.

கோடு மங்கலாக இருக்கிறதே, இது பாசிட்டிவா? ஆமாம். குறித்த நேரத்துக்குள் எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும் பாசிட்டிவ்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இன்னொரு கிட் வாங்கி நெகட்டிவ் வரும்வரை எடுப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. தேறி வரும் நண்பர் வெளியே வர பிசிஆர் நெகட்டிவ் வேண்டும் என்று யாராவது கேட்டால் மறுத்துப் பேசுங்கள், பரப்பும் காலம் முடிந்து பல வாரங்கள் கழித்தும் பிசிஆர் பாசிட்டிவ் காட்டிக்கொண்டிருக்கும், கிருமியின் சிதைந்த துண்டுகளைக்கூட அது பிடித்துவிடும்.

தடுப்பூசி போட்டவருக்கு விலக்கு உண்டா என்றால், முன்பு இருந்தது. இங்கிலாந்தில் 2021 ஆகஸ்ட் 16 முதல் முழுமையாகப் போட்டவர்களும் 18 வயதுக்குக் கீழானவர்களும் தொடர்பு என்பதற்காக ஒதுங்க வேண்டியதில்லை என்று விதி தளர்ந்தது. ஓமிக்ரானுக்குப் பிறகு அந்தப் பிரிவினைக்கு வலுவில்லாமல் போனது. தடுப்பூசி உங்களைக் கடுமையான நோயிலிருந்து காக்கிறது, தொற்று பற்றாமல் தடுப்பதில் அதன் பலம் சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. ஊசி போட்டவரும் மேலே சொன்ன அதே நாட்களையே எண்ணட்டும்.

வீட்டில் உட்கார முடியாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பவரிடம் 5 நாள் ஒதுங்கி இரு என்று சொல்வது சுலபம், அந்த நாட்களுக்குப் பணம் தராமல் விதி மட்டும் போட்ட அரசுகள் அதன் பலனையும் பார்த்தன. இவர்களுக்கு ஒரு நடைமுறை வழி இருக்கிறது. 2021-இல் இங்கிலாந்தில் 201 பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள்: பாதிப் பள்ளிகளில் தொடர்பில் இருந்த மாணவர்கள் 10 நாள் வீட்டில், மறுபாதியில் ஒதுங்க வேண்டாம், ஆனால் தினமும் ஆன்டிஜென் டெஸ்ட், நெகட்டிவ் என்றால் பள்ளிக்கு வரலாம். இரண்டு பக்கமும் பரவல் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. அது ஓமிக்ரானுக்கு முந்தைய காலம் என்பதை மறக்கக்கூடாது, இருந்தாலும் போக வேண்டிய கட்டாயம் உள்ளவர் காலையில் கிளம்பும் முன் ஒரு கிட், நாள் முழுக்க முகக்கவசம், சாப்பிடும்போது மட்டும் தனியே, முடிந்தால் வெளியே என்று நடந்தால் ஆபத்தைப் பெரிதும் குறைத்துவிடலாம்.

உங்களுக்கு பாசிட்டிவ் ஆகிவிட்டால் என்ன என்பதைச் சுருக்கமாக. 2024 மார்ச் 1 முதல் சிடிசி சொல்வது: உடல்நிலை மொத்தத்தில் தேறிவர வேண்டும், மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வெளியே வரலாம், அடுத்த 5 நாள் முகக்கவசம், காற்றோட்டம் போன்ற எச்சரிக்கைகளோடு. எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்கள் வாரக்கணக்கில் பரப்பக்கூடும், அவர்கள் மருத்துவர் சொல்லும்வரை இருக்க வேண்டும். மூச்சு வாங்குவது, நெஞ்சில் விடாத அழுத்தம், குழப்பம், எழுப்பினாலும் எழாத மயக்கம், உதடு நீலமாவது, ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே போவது, இதில் எது வந்தாலும் தனிமை விதியைத் தூக்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், போகும்போது கோவிட் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் முதியவரோ, சிறுநீரகம், நீரிழிவு, புற்றுநோய் என்று ஏதாவது உள்ளவரோ தொடர்பில் இருந்தால், அவர்கள் 6-ஆம் நாள் வரை டெஸ்டுக்குக் காத்திருக்கக் கூடாது. முதல் தும்மலிலேயே எடுக்க வேண்டும். பாக்ஸ்லோவிட் போன்ற கோவிட் கிருமிக்கு எதிரான மாத்திரைகளை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், சாதாரண சளிதான் என்று மூன்று நாள் பார்த்துவிட்டுப் போனால் மருந்துக்கான நேரத்தில் பாதி போயிருக்கும். அவர்கள் ஏற்கெனவே சாப்பிடும் சில மருந்துகளோடு அது ஒத்துப்போகாது என்பதால் மருந்துப் பட்டியலை இப்போதே எழுதி எடுத்து வையுங்கள்.

ஒரு விஷயம் கேட்கப்படவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த நாட்கணக்கு கோவிடுக்கு மட்டும். ஃப்ளூவில் நோய் அரும்பும் காலம் 1 முதல் 4 நாள், தொடர்பில் இருந்தவரை அடைத்து வைக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. தட்டம்மை வந்தவரோடு இருந்தீர்கள் என்றால் கதை முழுக்க மாறும். அவர் அறையை விட்டுப் போய் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும், தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அவர் பரப்புவார், தடுப்பூசி போடாத தொடர்புகள் 21 நாள் ஒதுங்கி இருக்க வேண்டிவரும். அங்கே உடனே செய்ய வேண்டியது டெஸ்ட் இல்லை: 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு, கைக்குழந்தை, கர்ப்பிணி, எதிர்ப்பு சக்தி குறைந்தவர் என்றால் 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் பொருளைக் கொடுப்பார்கள். இதற்கு அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும், நேரே போய் வரவேற்பறையில் உட்காராமல் முதலில் தொலைபேசியில்.

கடைசியாக, நண்பருக்கு அறிகுறி வந்த தேதிக்கு இரண்டு நாள் முன்பிருந்து அவர் யார் யாரோடு இருந்தார் என்று அவரையே உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள், காய்ச்சலில் மறந்துவிடும். அவர்களுக்கு அனுப்பும் செய்தியில் இரண்டு தேதிகள் இருக்கட்டும்: அவருக்கு அறிகுறி எப்போது தொடங்கியது, அவர்களை அவர் கடைசியாக எப்போது பார்த்தார். எனக்கு பாசிட்டிவ், ஜாக்கிரதை என்று மட்டும் அனுப்பினால் பத்து பேரும் திரும்ப அழைத்து எத்தனை நாள் என்றுதான் கேட்பார்கள்.